புகார்க் குழுவுக்கு ஆள் பிடித்த வாரம்

நாளைக் காலை பத்து மணியிலிருந்து இந்த மேஜை, என் இடத்துக்கு வரும் உங்கள் மூவருடையது. இழுப்பறையில் விதிப்புத்தகம் இருக்கிறது, ஸ்டேப்ளர் பின் இருக்கிறது, எந்தப் பூட்டுக்கு என்று எனக்கே தெரியாத இரண்டு சாவிகளும் இருக்கின்றன. கோப்புக்கு எண் போடுவது, நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் விதிப்புத்தகத்தில் உண்டு. அதில் இல்லாத ஒன்றை மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். பத்திரிகைகள் மீது வரும் புகார்களை விசாரிக்க அனுபவமுள்ள பத்திரிகையாளர்களை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அது.

'அழைப்பது' என்று மரியாதையாக எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்கு வேறு சொல் வருவதில்லை.

மும்பையில் தமிழில் வெளிவரும் சில பத்திரிகைகள் தாங்களாகவே சேர்ந்து வைத்துக்கொண்ட குழு நம்முடையது. ஒவ்வொரு புகாருக்கும் மூன்று பேர் உட்கார்வார்கள். ஒருவர் தலைவர்; ஓய்வுபெற்ற நீதிமன்ற அதிகாரி, தாணேயிலிருந்து ரயிலில் வருபவர். மற்ற இருவர் இருபது ஆண்டுகளாவது பத்திரிகையில் இருந்தவர்கள். அந்த இருவரும் புகாருக்குள்ளான பத்திரிகையில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்கக் கூடாது. ஆசிரியருக்கு உறவாக இருக்கக் கூடாது. விசாரணைக்கு முன் எந்தத் தரப்பையும் தனியே சந்திக்கக் கூடாது. இந்த மூன்றில் முதல் இரண்டே நம் ஊரில் பெரும் சோதனை. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று எங்கே போனாலும் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பழைய சகா, சம்பந்தி, அல்லது சண்டைக்காரர்.

எனக்கு இந்த வேலை கிடைத்ததே அதனால்தான். நான் பத்திரிகைக்காரி இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் இந்த நகரத்தின் தமிழ்ப் பத்திரிகைகளில் யார் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் கோபித்துக்கொண்டு வெளியேறினார், எந்த மாதம் திரும்பி வந்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், நான் ராஜினாமாக்கள் சேர்த்தேன். அந்த நோட்டு ஒன்பது தொகுதிகள் ஆனபோது குழுவே என்னைத் தேடி வந்தது.

சரி, அந்த வாரத்துக்கு வருகிறேன்.

செவ்வாய், காலை 11.10. பேச்சியம்மாள் உள்ளே வந்தார். தாராவியில் இட்லி அவித்துக் கேன்டீன்களுக்கும் சைக்கிள் வியாபாரிகளுக்கும் கொடுப்பவர். ஒரு கையில் மடித்த நாளிதழ், மறு கையில் எவர்சில்வர் டப்பா. டப்பாவை என் மேஜைமேல் வைத்துத் திறந்தார். ஆவி பறந்தது.

"மொதல்ல இதைத் தின்னு பாருங்கக்கா. அப்பொறம் புகாரை எழுதலாம்."

"ஐயோ, இதெல்லாம் வாங்கக் கூடாதும்மா."

"லஞ்சமில்லக்கா. இது சாட்சி."

நான் சாட்சியை மூடித் திருப்பிக் கொடுத்தேன். அவர் பேப்பரை விரித்தார். மூன்றாம் பக்கம். 'தாராவி இட்லிக் கூடத்துக்கு சீல்: மாநகராட்சி அதிரடி.' சுத்தமில்லாத இடம், கெட்டுப்போன மாவு என்று நான்கு பத்தி. கூடவே படம். ஒரு மூடிய கதவு, அதில் சீல் வைத்த துணிப்பட்டை, ஒட்டிய நோட்டீஸ். கதவுக்கு மேலே கொட்டை எழுத்தில் 'பேச்சியம்மாள் இட்லி' என்று போர்டு.

"எங்கதுல எவனும் சீல் வைக்கல. நேத்தும் அவிச்சேன், இன்னைக்கும் அவிச்சேன். இந்தா, டப்பாவுல இருக்கது என்ன, வானத்துலயா அவிஞ்சுது?"

"படத்தில் உங்கள் போர்டு இருக்கிறதே?"

"போர்டு எங்கதுதான்."

"அப்புறம்?"

"கதவு எங்கதில்ல."

நான் பேனாவை நிறுத்தினேன். "போர்டு உங்களுடையது, அதற்குக் கீழே இருக்கும் கதவு உங்களுடையது இல்லை?"

"ஆமா. அங்கன வந்து பாத்தாத் தெரியும். எழுதுங்க."

எழுதினேன். காகிதத்தில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'பலகை என்னுடையது. கதவு என்னுடையதல்ல.' இப்படி ஒரு புகாரை வாசிக்கும் எவரும் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் அவருக்கு அவகாசம் இல்லை. செய்தி வந்த நாளிலிருந்து அவருடைய ஐந்து சைக்கிள்களில் மூன்று சும்மா நின்றன. அணுசக்தி நகர்ப் பக்கம் ஒரு கேன்டீனுக்குத் தினமும் இட்லி போய்க்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் வீடு ஓடியது. அதன் மேனேஜர் சொல்லிவிட்டாராம்: ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் திருத்தம் வந்தால் திங்கள் முதல் பழையபடி இட்லி எடுத்துக்கொள்வார். வராவிட்டால் திங்களே வேறு ஆள்.

புதனன்று ஆசிரியரின் பதில் வந்தது. 'படத்தில் பெயர்ப் பலகை தெளிவாக உள்ளது. திருத்தம் தேவையில்லை.' அவர் பக்கமும் தவறென்று சொல்ல முடியாது. போர்டு கண்ணுக்கு முன்னால் இருந்தது. தலைவரிடம் போனில் சொன்னேன். அவசரம் என்று ஒப்புக்கொண்டு சனிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை வைத்தார். "ரெண்டு மெம்பர் மட்டும் நீங்க கொண்டுவந்துடுங்க" என்றார். ஏதோ கடையில் இரண்டு கட்டு கீரை வாங்கி வரச் சொல்வதுபோல.

வழக்கமான இரு உறுப்பினர்களும் கழன்றுகொண்டார்கள். ஒருவர் அதே பத்திரிகையில் பதினோரு வருடம் இருந்தவர். மற்றவரின் மகளை ஆசிரியர் வீட்டில்தான் கொடுத்திருந்தது. நான் ஒன்பது தொகுதிகளையும் மேஜைமேல் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். புதன் மதியத்திலிருந்து வியாழன் மதியம் வரை பதினான்கு பேரைக் கூப்பிட்டேன்.

ஒருவர் அந்தப் பத்திரிகையின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்று சத்தியம் செய்தார். என் நோட்டில் அவர் மூன்று வருடம் மனைவி பெயரில் அங்கே ஞாயிறு பக்கம் எழுதியதாக இருந்தது. "அது நான் இல்லை, என் மனைவி" என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மாள் குரல், "நானா? எனக்கு ரேஷன் கார்டு ஃபாரமே நீங்கதானே எழுதித் தரேள்?" என்று கேட்டது. இன்னொருவர் நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "எழுதிக்கொள்ளுங்கள்" என்று தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். யார் மீது புகார் என்று அவர் கேட்கவே இல்லை. மூன்றாமவர் தீர்ப்பின் தலைப்பில் தன் பெயரும் பக்கத்தில் படமும் வர வேண்டும் என்றார், அதுவும் இளவயதுப் படம்.

வியாழன் மாலை 5.20க்கு மாட்டுங்காவில் கேசவன் வீட்டு மணியை அடித்தேன். ஆங்கில நாளிதழில் முப்பத்தோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவர். மற்றவர்கள் எழுதியதை வெட்டுவதுதான் தொழில். தமிழ்ப் பத்திரிகை எதிலும் வேலை பார்த்ததே இல்லை.

"நான் வெறும் டெஸ்க் ஆளாக்கும். செய்தி சேகரிக்கன்னு ஒரு நாள்கூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. என்னை எதுக்குக் கூப்பிடறேள்?" என்றார்.

நான் இரண்டு பக்கத்துக்குத் தட்டச்சு செய்திருந்த அழைப்புக் கடிதத்தை நீட்டினேன். படிக்க ஆரம்பித்தவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் பத்தி போயிற்று. இரண்டாவதில் தலை மட்டும் மிஞ்சியது. 'தங்கள் மேலான அனுபவம்' போயிற்று. 'பேருதவியாக இருக்கும் என நம்புகிறோம்' போயிற்று. ஐந்து நிமிடத்தில் கடிதம் மூன்று வரியாகத் திரும்பி வந்தது.

"இப்போ சரியா இருக்கு. மொதல்லயே இப்படி எழுதியிருந்தா வாசல்லயே ஒத்துண்டிருப்பேன்."

வெள்ளி காலை பத்து மணிக்குத் திலக் நகரில் மெஹருன்னிசா. தென்காசிப் பக்கத்துக் குடும்பம். இந்தி மாலைப் பத்திரிகை ஒன்றில் இருபத்தாறு வருடம் குற்றச் செய்தி எழுதியவர். அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று கேள்வி கேட்கத்தான் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து என் பென்ஷன், என் மகன் சம்பந்தம் தட்டிப்போன கதை, என் கட்டடத்துச் செயலாளர் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் செய்யும் தில்லுமுல்லு எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, தேநீரில் சர்க்கரை போடுவதில்லை என்பது மட்டும்.

"அச்சா, வசந்தாக்கா, இப்ப கேஸுக்கு வாங்க. போர்டு அவங்களோடது, கதவு இல்லை. இது எப்படி?"

"எனக்கும் தெரியவில்லை."

"யாராவது போய்ப் பார்த்தாங்களா?"

"போகக் கூடாது. விதி. காகிதத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்." விதியை எடுத்து வாசித்துக் காட்டினேன். எந்தத் தரப்பையும் தனியே சந்திக்கக் கூடாது. மெஹர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். கேசவனும் அப்படியே கையெழுத்திட்டிருந்தார். இரண்டு கையெழுத்தையும் பார்த்துக்கொண்டே செம்பூரில் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை 6.05க்குப் போன். கேசவனின் மனைவி.

"குடையைக் காணும், செருப்பைக் காணும், இவரையும் காணும். முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்துல ஏழு மணிக்கு முன்னாடி எழுந்ததில்லை. மேஜை மேல உங்க ஃபைல் திறந்திருக்கு. அதுல ஒரு அட்ரஸை சிவப்பு இங்க்ல வட்டம் போட்டிருக்கார்."

எந்த முகவரி என்று நான் கேட்கவில்லை. மெஹருக்கு அடித்தேன். அவர் மகன் எடுத்து, "அம்மி அஞ்சரைக்கே கிளம்பிட்டாங்க ஆன்ட்டி. பால் வாங்கப் போறேன்னாங்க" என்றான். பால் அவர்கள் வீட்டுக்கு வாசலிலேயே வரும். நேற்று அங்கே உட்கார்ந்திருந்தபோது நானே கண்ணால் பார்த்தது.

சயான் வரை ஆட்டோ, அங்கிருந்து ஓட்டமும் நடையும். பேச்சியம்மாளின் சந்து குடையை விரிக்க முடியாத அளவுக்குக் குறுகல். விரிக்க முயன்ற ஒருவரின் குடைக் கம்பி ஒரு குழாயில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அது கேசவனின் குடை. சற்றுத் தள்ளி, திறந்த கதவுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட மாவு டிரம்மில் கேசவன் உட்கார்ந்திருந்தார். எதிரே படியில் மெஹர். இரண்டு பேர் மடியிலும் தட்டு. என்னைப் பார்த்ததும் இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

உள்ளே நீராவிக்குள்ளிருந்து பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார். இந்த இருவரையும் காலை நேரத்து வாடிக்கைக்காரர்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். என்னை மட்டும் அடையாளம் தெரிந்தது.

"ஏ, புகார் ஆபீஸ் அக்கா! வாங்க வாங்க. நீங்க எப்பிடி இங்கன?" என்றவர் என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவுகளைத் தெரியுமா?"

நான் அந்த இரண்டு தட்டுகளையும் முறைத்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

"அப்ப இவுக ரெண்டு பேருந்தான் எனக்குத் தீர்ப்பு சொல்லப் போறவியளா?" கரண்டியைக் கீழே போட்டார். "கடவுளே! இன்னைக்குப் பாத்துச் சட்னியில உப்பு கொறச்சலாப் போட்டுட்டனே!"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் கேசவன், வாயில் இட்லியோடு.

"கேசவன் சார், முந்தாநாள் என்ன கையெழுத்துப் போட்டீர்கள்?"

"போட்டேன். ராத்திரி படிச்சேன். 'போர்டு என்னுது, கதவு என்னுதில்லை.' இந்த வாக்கியத்தை எப்படி எடிட் பண்றது? வெட்டவும் முடியலை, விடவும் முடியலை. முப்பத்தோரு வருஷத்துல ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடாம பண்ணினது இதான் மொதல் தடவை. எழுந்தேன், வந்துட்டேன்." அவர் முகத்தில் பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு வந்தவனின் சந்தோஷம் இருந்தது. "இங்க வந்தா இந்தம்மா எனக்கு முன்னாடியே உக்காந்திருக்கா."

"அரே, நான் என்ன செய்ய? ஸ்பாட்டுக்குப் போகாம ஒரு நியூஸ் எழுதினது இல்ல வசந்தாக்கா. தீர்ப்பு மட்டும் எப்படி எழுதுவேன்? மேலே பாருங்க."

மேலே பார்த்தேன். பேச்சியம்மாளின் கதவுக்கு மேலே போர்டு மாட்ட இடமே இல்லை. தண்ணீர்க் குழாய் நான்கு, மீட்டர் பெட்டி இரண்டு, அவற்றிலிருந்து கிளம்பும் வயர்கள். அதனால் போர்டை ஒரு முழம் தள்ளிப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தார். அது சரியாக அடுத்த கதவுக்கு மேலே தொங்கியது. அடுத்த கதவு ஒரு பிளாஸ்டிக் கிடங்கு. பூட்டிக் கிடந்தது. அதன் மேல் சீல் துணி, நோட்டீஸ். நோட்டீஸில் கிடங்குக்காரர் பெயர் மராட்டியில் தெளிவாக இருந்தது. சந்து முனையில் நின்று படம் எடுத்தால் போர்டும் சீலும் ஒன்றாகத் தெரியும். பதினைந்து அடி நடந்து வந்தால் எல்லாம் விளங்கிவிடும்.

என் கையில் எப்போது தட்டு வந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். குறிப்பேட்டில் அதையும் எழுதியிருக்கிறேன். 'சனி, 6.50. நானும்.'

இப்போதுதான் உண்மையான சிக்கல். மூன்று பேரும் விதியை மீறிவிட்டோம். இதை ஆசிரியரிடம் சொன்னால் அவர் ஆட்சேபிக்கலாம், அது அவர் உரிமை. ஆட்சேபித்தால் குழு கலையும். புதிய ஆட்களைப் பிடிக்க இன்னொரு மாதம். திங்கள் போய்விடும், கேன்டீன் போய்விடும். சொல்லாவிட்டால் நான்கு மணி நேரத்தில் பேச்சியம்மாள் ஜெயித்துவிடலாம்.

கேசவன் தன் தொழில் புத்தியோடு யோசித்தார். "இந்த ஒரு பாராவை வெட்டிடலாம். நாம வந்தோம்கற பாரா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"சார், வெட்டின பாராவைத் தேடிப் பிடிக்கறதுதான் இருபத்தாறு வருஷம் என் வேலை" என்றார் மெஹர். "இந்தச் சந்துல நம்மை இதுவரைக்கும் நாப்பது பேர் பார்த்திருக்காங்க. ஒரு பையன் போட்டோவே எடுத்தான். சாயங்காலத்துக்குள்ள வெளிய வரும். வந்தா அவங்க ஜெயிச்சதும் போச்சு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் விதிப்புத்தகம் உதவாது. நான் பேச்சியம்மாளிடம் நேராகவே சொன்னேன். "விசாரணை ஆரம்பித்ததும் முதலில் இதைச் சொல்லிவிடப் போகிறேன். அதனால் இன்றைக்கே தீர்ப்பு வராமல் போகலாம்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "திங்கக்கெழமை?"

"தெரியாதும்மா."

அவர் இட்லிக் கொப்பரைப் பக்கம் திரும்பினார். பிறகு மூடியை எடுத்து, வெந்துவிட்டதா என்று விரலால் குத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லுங்க. நான் எதையும் ஒளிச்சு அவிக்கலன்னுதான கேஸே. நீங்க ஒளிச்சா நல்லாவா இருக்கும்?"

பதினொரு மணிக்கு மாட்டுங்காவில் நம் மாடி அறை. தலைவர் வந்துவிட்டார். ஆசிரியர் வெள்ளைச் சட்டையில், பெரிதாக்கிய அந்தப் படத்தோடு. எதிரே பேச்சியம்மாள், டப்பா இல்லாமல். நான் எழுந்தேன். காலை 6.05 முதல் 7.30 வரை நடந்ததை நேரத்தோடு வாசித்தேன். யார் எதில் உட்கார்ந்தார், யார் எத்தனை சாப்பிட்டார் என்பது உட்பட. என்னுடைய இரண்டையும் சொன்னேன். கேசவன் ஏழு. அதைச் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "எடிட்டர் சார், உங்களுக்கு ஆட்சேபம் சொல்ல முழு உரிமை உண்டு."

ஆசிரியர் எழுந்தார். நான் மனத்துக்குள் அடுத்த மாதத்துக்கான பதினான்கு போன் எண்களைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றார். கேசவனைப் பார்த்தார். "டெஸ்க் ஆளு நீங்க. நீங்களே போனீங்களா?"

"போனேன்."

"மாட்டுங்காவுலேர்ந்து?"

"நடந்தே."

"மேடம் செம்பூர்லேர்ந்து. இவங்க திலக் நகர்லேர்ந்து." ஆசிரியர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "என் ஆபீஸ்லேர்ந்து அந்தச் சந்து பத்து நிமிஷம் சார். ஆபீஸ் இருக்கறதே தாராவிப் பக்கத்து லேபர் கேம்ப்லதான். என் ஆளு போகல. படம் வாட்ஸ்அப்ல வந்துச்சு, கெட்டுப்போன மாவுன்னு கூடவே எழுதியிருந்துச்சு, நானும் போகல. போர்டு இருக்கே, அப்புறம் என்னன்னு விட்டுட்டேன்." படத்தை மடித்தார். "ஆட்சேபம் சொல்றதா வேணாமான்னு அப்புறம் பாக்கறேன். மொதல்ல நான் அதைப் பாக்கணும்."

"அதற்கு விதியில் இடமில்லையே" என்றார் தலைவர்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தியின் வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிடம் ஒருமுறைதான் வரும். "விதி ஒன்பது சார்" என்றேன், புத்தகத்தைத் திறக்காமலே. "விசாரணை, தலைவர் குறிப்பிடும் இடத்தில், இரு தரப்பும் இருக்க நடைபெறும்."

தலைவர் மூன்றாம் முறை கண்ணாடியை மாட்டினார். "குறிப்பிட்டேன்" என்றார்.

இரண்டு டாக்ஸி. அவ்வளவு பக்கத்துக்கெல்லாம் வர மாட்டேன் என்ற முதல் டிரைவரிடம் மெஹர் இந்தியில் ஏதோ சொன்னார். அவன் கீழே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான். சந்து முனையிலிருந்து வரிசையாக நடந்தோம். முன்னால் பேச்சியம்மாள், பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்த தலைவர், ஆசிரியர், மெஹர், கோப்போடு நான், கடைசியில் குடையை மீட்பதற்காகக் கேசவன். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். "க்யா ஹுவா? ஷூட்டிங் ஹை க்யா?" என்று, ஏதோ சினிமாப் படப்பிடிப்பு என்று நினைத்து, ஒருவர் கேட்டார். "கோர்ட் வருது, தள்ளு தள்ளு" என்றார் பேச்சியம்மாள்.

ஆசிரியர் சந்து முனையில் நின்று படத்தை விரித்துப் பார்த்தார். அச்சு அசலாக அதே காட்சி. பதினைந்து அடி நடந்தார். நிமிர்ந்து போர்டைப் பார்த்தார், குனிந்து நோட்டீஸை வாசித்தார், ஒரு முழம் தள்ளித் திறந்திருந்த கதவைப் பார்த்தார். அந்த மாவு டிரம்மில் உட்கார்ந்தார்.

"பேனா இருக்கா?" என்றார்.

ஆட்சேபம் எதுவும் இல்லாமல் விசாரணை 12.25க்கு முடிந்தது. குழு முடிவு சொன்னது: அதே மூன்றாம் பக்கம், அதே அளவு, திறந்த கதவின் படத்தோடு திருத்தம். ஆசிரியர் அங்கேயே அதை எழுதினார். பத்து வரி. கேசவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சிவப்புப் பேனா வந்தது. 'கவனக்குறைவாக நேர்ந்துவிட்ட' போயிற்று. 'வருந்தத்தக்க சூழ்நிலையில்' போயிற்று. 'தவிர்க்க இயலாத காரணங்களால்' போகும்போது ஆசிரியர் லேசாக முனகினார். மிஞ்சியது நான்கு வரி. முதல் வரி இது: 'இந்தச் செய்தியை வெளியிடும் முன் எங்களில் யாரும் அந்த இடத்துக்குப் போகவில்லை.'

"ரொம்பக் கடுமையா இருக்கே?" என்றார் ஆசிரியர்.

"சின்னதா இருக்கு. அதனால அப்படித் தெரியறது" என்றார் கேசவன்.

ஞாயிறன்று அது வந்தது. அந்தப் பக்கத்தை ஒன்பதாம் தொகுதியில் ஒட்டியிருக்கிறேன், நோட்டு உங்களுக்குத்தான். விதிப்புத்தகத்திலும் ஒரு வரி கூடியது. இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குழு இரு தரப்பையும் கூட்டிக்கொண்டு சேர்ந்தே போக வேண்டும். அதையும் கேசவன்தான் சுருக்கித் தந்தார்.

ஆள் பிடிக்கும்போது நான் அதற்குப் பிறகு வருடங்களை எண்ணவில்லை. கோப்பைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். படித்து முடித்ததும் தன் கருத்தைச் சொல்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். "இது எங்கே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடுபவரை விடமாட்டேன். அவர் விதியை மீறக் கூடும். மீறினால் அன்றைக்கு நான் செய்ததைச் செய்யுங்கள்: யாரும் கேட்பதற்கு முன், யார் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பது வரைக்கும் சொல்லிவிடுங்கள்.

திங்கள் காலை 9.40க்குப் பேச்சியம்மாள் போன் செய்தார். பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கேன்டீன் மேனேஜர் பேப்பரைப் பார்த்துவிட்டு, எதற்கும் தானே ஒருமுறை நேரில் பார்த்துவிடலாமென்று புறப்பட்டு வந்தாராம்.

"வந்தாவளா? பாத்தாவளா? என்ன சொன்னாவ?" என்றேன், என்னையறியாமல் அவர் பேச்சு எனக்கும் தொற்றியிருந்தது.

"எங்கக்கா பாத்தாவ? போர்டைப் பாத்துட்டு அந்தக் கிடங்குக் கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டிக்கிட்டு நின்னாவ. சீல் வச்ச கதவை! அஞ்சு நிமிசம். நான் இங்கன இட்லித் தட்டோட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்புட்டேன். மனசாரச் சிரிச்சு முடிச்சிட்டுக் கூப்புட்டேன். அஞ்சாவது சைக்கிளும் கெளம்பிருச்சு."